எது அத்தியாவசியம், யாருக்கு அத்தியாவசியம்? கொங்குப் பகுதியை முன்வைத்து

கேள்வி இது: "எங்கள் வார்டில் தூய்மைப் பணியாளர்கள் நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. அத்தியாவசியப் பணியில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று தெருவே கொதித்தது. விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது இதே தெருவில் யாருக்கும் உறைக்கவில்லை. எது அத்தியாவசியச் சேவை என்று யார் தீர்மானிக்கிறார்கள்? நம் பகுதி மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? இவர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டா?"

நான் நெடுங்காலமாகத் தொழிலாளர் தரப்பு வழக்குகளோடு இருப்பவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

சட்டத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. மக்கள் மனதில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. கொங்குப் பகுதியில் அந்த இரண்டாவது பட்டியல் உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் தெருவின் கோபம் ஏன் விசைத்தறிப் பக்கம் போகவில்லை என்பது விளங்கிவிடும். இங்கே வசதியுள்ள குடும்பம் காசு கொடுத்துச் சொந்தமாக ஏற்பாடு செய்துகொள்ளக்கூடிய எதுவும் அந்தப் பட்டியலில் இருந்து மெல்ல மெல்ல விழுந்துவிடுகிறது. எவ்வளவு காசு இருந்தாலும் வீட்டுக்குள் வாங்கி வைத்துக்கொள்ள முடியாத சில வேலைகள் மட்டும் மிஞ்சுகின்றன. குப்பை அள்ளுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, அறுந்த மின்கம்பியைக் கட்டுவது, மயானத்தில் உடலை எரிப்பது. இவற்றைச் செய்கிறவர்கள் நம் ஊரிலேயே மிகக் குறைந்த கூலி வாங்குகிறவர்கள் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொங்கில் யாரிடம் கேட்டாலும் அத்தியாவசியம் என்றால் முதலில் வருவது தண்ணீர்தான், அதிலும் "நல்ல தண்ணி". போர் தண்ணி பல ஊர்களில் உப்பு; துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆகும், சோறாக்க ஆகாது. மழை மறைவுப் பகுதி இது. ஆயிரம் அடி தோண்டியும் புழுதி மட்டும் வந்த போர்க்குழிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் நல்ல தண்ணிக்காக இந்த மண் காட்டிய பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். முழு நீர்மட்டம் 50 அடி. பாதுகாப்புக் காரணம் சொல்லி அங்கே 45 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் ஒவ்வொரு பருவமழைக்கும் அணையின் அடிக்கணக்கு கோவைப் பத்திரிகைகளில் செய்தியாகிறது. கோவைக்கான பில்லூர் மூன்றாம் குடிநீர்த் திட்டம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. திருப்பூருக்கு 2005-ல், பவானி அருகே காவிரியில் இருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துவரும் அளவுக்கு, தனியார் பங்கேற்புடன் ஒரு திட்டம் வந்தது. நாட்டிலேயே அந்த வகையில் முன்னோடியான திட்டம். அதன் வருமானக் கணக்கு சாயப்பட்டறைகளை நம்பிப் போடப்பட்டது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தக் கணக்கே ஆட்டம் கண்டது.

அத்திக்கடவு - அவிநாசி திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கேட்டுக்கொண்டே இருந்த திட்டம். 2016-ல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரில் ஒன்றரை டிஎம்சியை ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் உள்ள 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறார்கள். எது அத்தியாவசியம் என்று அரசு முடிவு செய்வதற்குப் பல காலம் முன்பே மக்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆட்சிகள் மாறின, கோரிக்கை மாறவில்லை.

ஆனால் இதே ஜனங்கள் வாரத்துக்கு ஒரு முறை, பத்து நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எப்படி? வீடு கட்டும்போதே தரைத்தொட்டி தோண்டிவிடுகிறோம். மேலே ஒரு டேங்க். போர் தனி. குடிக்க கேன் தண்ணீர். இது எல்லாம் இருக்கிற வீட்டுக்குக் குழாயில் பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வராவிட்டாலும் ஒன்றும் ஆகாது. திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிற பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஆகும். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய், ஆளுக்கு ரெண்டு டிரம். தண்ணீர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போக முடியாது, அன்றைய கூலி போச்சு. ஒரே வார்டில் ஒரே குழாயைப் பற்றி இரண்டு விதமான அவசரம் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் காதில் விழுவது பெரும்பாலும் தரைத்தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரரின் குரல்.

மின்சாரத்திலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் கீழே இறங்கியதும்தான் கோவையில் மில்கள் பெருகின. தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஓடியதும் அதனால்தான். அதனால் கரண்ட் என்பது இங்கே விளக்குக்கான பொருளாக மட்டும் இருந்ததே இல்லை. அது பயிரும் தறியும். 1970 ஜூனில் விவசாய மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போன உயிர்கள் என்று இன்றும் அந்தப் பக்கம் சொல்வார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஊரையே முடக்கினார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்பது யாரோ மேலிருந்து அள்ளிக்கொடுத்த சலுகை என்று வெளியூர்க்காரர்கள் பேசும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு உண்டு.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கு அறிவிப்பில் நான்கு மணி நேரம்; கோவையிலும் திருப்பூரிலும் அது பத்து மணி நேரத்தைத் தாண்டிப் போன நாட்கள் உண்டு. கூலிக்கு நெய்கிற சிறு தறிக்காரர்களும் கோவையின் லேத் பட்டறைக்காரர்களும் அந்த வருடம் வாங்கிய கடனைக் கட்டி முடிக்கப் பல வருடம் ஆனது. யாருடைய மின்சாரம் அத்தியாவசியம் என்ற கேள்விக்கு ஓர் அரசு எழுத்துப்பூர்வமாகப் பதில் சொன்ன தருணம் அது. தலைநகருக்கு ஒரு கணக்கு, பஞ்சு நூலாகும் ஊருக்கு ஒரு கணக்கு. அதற்குப் பிறகு என்ன நடந்தது? பெரிய மில்கள் சொந்தமாகக் காற்றாலையும் சூரிய மின்தகடும் போட்டுக்கொண்டன. வீடுகளில் இன்வெர்ட்டர் வந்தது. அதோடு மின்வெட்டைப் பற்றிய பொதுக் கோபமும் வடிந்துவிட்டது. இன்றைக்கு ஆடிக்காற்றில் பல்லடத்துப் பக்கம் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போனால், இன்வெர்ட்டர் நிற்கும் வரை ஒரு வீடும் போன் செய்வதில்லை. நின்றதும் லைன்மேனுக்கு வசவு. அவர் இருட்டில், மழையில், ஒப்பந்த உதவியாள் ஒருவரோடு கம்பத்தின் மேலே இருப்பார்.

பேருந்தைப் பற்றி ஒரு பத்தி போதும். 2018 ஜனவரியில் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது செய்தி. தாராபுரத்தில் இருந்தும் காங்கேயத்தில் இருந்தும் பஸ் ஏறி வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது சம்பளம் இழந்த வாரம். 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று ஆனபோது, "ஓசி" என்று பேசிய அதே ஆண்கள் யாரும் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தெருவில் "அத்தியாவசியப் பணி" என்று சொன்னவர்கள் சட்டத்தின் தொனியில்தான் சொல்லியிருப்பார்கள்.

1947-ன் தொழிற்தகராறு சட்டம் "பொதுப்பயன்பாட்டுச் சேவை" என்று ஒரு வகையை வைத்தது. ரயில், தபால், தொலைபேசி, மின்சாரம், தண்ணீர், பொதுச் சுகாதாரத் துப்புரவு ஆகியவை நேரடியாக அதில் இருந்தன. இவை தவிர முதல் அட்டவணை என்று ஒன்று. அதில் இருந்த தொழில்களை அரசு அறிவிக்கை மூலம் ஆறு மாதத்துக்கு அந்த வகையில் சேர்க்க முடிந்தது. வங்கி, சிமென்ட், நிலக்கரி, உணவுப்பொருள், மருத்துவமனை இவற்றோடு அந்த அட்டவணையில் பஞ்சாலையும் இருந்தது. நீங்கள் கேட்ட தறித் தொழிலுக்குப் பக்கத்து வீடு அது. கூலி உயர்வு கேட்டு 2022 தொடக்கத்திலும் 2025 மார்ச், ஏப்ரலிலும் சோமனூர், பல்லடம் சுற்றுவட்டாரத்தில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. சட்டம் எழுதியவர்களுக்குத் துணி நாட்டுக்கு அவசரமான பொருளாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்குத் துணி கடையில் எப்போதும் இருக்கிறது, எங்கிருந்தோ வருகிறது. அதனால் தறி நின்றால் தறிக்காரர் வீட்டு அடுப்பு மட்டும்தான் அணைகிறது.

எஸ்மா எனப்படும் அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டம் 1968-ல் வந்தது, மத்திய அரசுப் பணிகளுக்காக. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அதே வகையில் மாநிலம் கொண்டுவந்த 2002-ன் டெஸ்மா. அடுத்த வருடம் ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்று சொன்னது. பெரும்பாலானவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்றாலும் அந்தத் தீர்ப்பின் நிழல் இன்னும் நீளமாகவே இருக்கிறது.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு சேவை அத்தியாவசியம் என்று அறிவிக்கப்பட்டதும் தொழிலாளி எதைச் செய்யக்கூடாது என்பது பக்கம் பக்கமாக வரும். அவர் வேலை அத்தனை முக்கியம் என்பதால் அவருக்கு இன்ன கூலி, இன்ன பாதுகாப்பு, வேலை நிரந்தரம் என்று ஒரு வரி வராது. என் தொழில் வாழ்க்கை முழுக்க என்னை உறுத்துவது இதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பார்வை வேறு. எந்தச் சேவை தடைபட்டால் மக்களின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து வருமோ அதை மட்டுமே அத்தியாவசியம் என்கிறது. மருத்துவமனை, மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பது ஆகியவை அதில் உண்டு. வங்கியும் பொதுப் போக்குவரத்தும் பொதுவாக இல்லை. குப்பை அள்ளுவதை எல்லைக்கோட்டில் வைக்கிறார்கள்: நாள் நீண்டு உடல்நலத்துக்கு ஆபத்து என்றாகும்போது அது அத்தியாவசியமாக மாறலாம். அதோடு, வேலைநிறுத்த உரிமையை எங்கே கட்டுப்படுத்துகிறீர்களோ அங்கே அதற்கு ஈடாக நடுநிலையான, விரைவான தீர்ப்புக்கு வழி செய்து தர வேண்டும் என்றும் அந்த அமைப்பு சொல்கிறது. நம் பேச்சில் காணாமல் போவது இந்தப் பாதிதான்.

பள்ளிப் பிள்ளைகளின் உணவு அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் நம் ஊரில் எத்தனை பிள்ளைகளின் நாளைத் தாங்குகின்றன! முட்டை நாமக்கல்லில் இருந்து போகிறது, சோறு ஒரு அம்மா ஆக்குகிறார். அந்த அம்மாவை அத்தியாவசியப் பணியாளர் என்று உங்கள் தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் அனுப்பும் தெருவில் அது தோன்றாது.

கொரோனா காலம் இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலைத்துப் போட்டது. 2020 மார்ச்சில் முதலில் முடக்கச் சொன்ன தமிழக மாவட்டங்கள் மூன்றே மூன்று: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. பிறகு நாடு முழுவதும். ஊரடங்கு உத்தரவில் எது இயங்கலாம் என்று வரி வரியாக எழுத வேண்டி வந்தபோதுதான் ஒரு வேலையோடு இன்னொரு வேலை எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பது அதிகாரிகளுக்கே தெரிந்தது. கோழி அத்தியாவசியம் என்றால் தீவனம் அத்தியாவசியம். தீவனத்துக்கு லாரி, லாரிக்குப் பஞ்சர் கடை, டிரைவருக்கு ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. நாமக்கல் லாரிக்காரர்களுக்கு அந்த முதல் வாரங்களில் பெரிய தொல்லை போலீஸ் கெடுபிடியைவிட, சாப்பாடும் டீயும் கிடைக்காததுதான். லாரியை அனுமதித்தவர்கள் டிரைவரின் வயிற்றை அனுமதிக்க மறந்திருந்தார்கள்.

திருப்பூரில் நடந்ததையும் பாருங்கள். பனியன் அத்தியாவசியம் இல்லை என்று கம்பெனிகள் மூடப்பட்டன. 2020 மார்ச் 13 அன்று முகக்கவசத்தை மத்திய அரசு அத்தியாவசியப் பொருளாக அறிவித்திருந்தது. கொஞ்ச நாளில் அதே தையல் மெஷின்களில் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்க அனுமதி கிடைத்தது. நேற்று வரை வேண்டாத கைகள் இன்று நாட்டுக்கு வேண்டிய கைகள். அதே சமயம் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து அந்த மெஷின்களை ஓட்டிய பிள்ளைகள் லைன் வீடுகளில் ரேஷன் கார்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு ரயில் விட்டதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களை யாரும் அத்தியாவசியம் என்று சொல்லவில்லை. போன பிறகு ஆள் இல்லை என்று கை பிசைந்தோம். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் முதலாளிகளே இந்தியில் பேசி அவர்களைத் தைரியப்படுத்தினார்கள். இடைப்பட்ட மூன்று வருடத்தில் பாடம் கொஞ்சம் ஏறியிருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மதுக்கடை விஷயமும் அப்போதுதான் வந்தது. 2020 மே 7 அன்று டாஸ்மாக் திறந்தார்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது, மறுநாள் மீண்டும் திறப்பு. டீக்கடையில் பார்சல் மட்டும், சலூன் இன்னும் மூடல் என்றிருந்த நாட்கள் அவை. வருமானம் அரசுக்கு அத்தியாவசியம் என்பதை மக்கள் நேராகப் பார்த்தார்கள். உத்தரவுப் பட்டியல்கள் மேல் இருந்த மரியாதை அன்றைக்குக் கணிசமாகக் குறைந்தது. இரண்டாம் அலையில், 2021 மே கடைசியில், தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது. ஜூன் மாதம் தளர்வுகள் வந்தபோது குறைந்த தளர்வு கிடைத்த 11 மாவட்டங்களில் ஏழு மேற்கு மாவட்டங்கள்: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல். அந்த மே மாதத்தில் 108 ஓட்டியவர்கள், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வார்டு துடைத்தவர்கள், இரவெல்லாம் தகனமேடையில் நின்றவர்கள் எல்லோரும் முன்களப் பணியாளர் என்று பாராட்டப்பட்டார்கள். காலில் விழுந்து மாலை போட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒப்பந்தத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள்.

இனி உங்கள் தெருவுக்கு வருகிறேன்.

பழைய கொங்குக் கிராமத்தில் ஊருக்கு இன்றியமையாத வேலைகள் எவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நாவிதர், வண்ணார், குயவர், தச்சர், கொல்லர், தோல் வேலை செய்த மாதாரி (இன்று அருந்ததியர்). களத்துமேட்டில் நெல்லோ சோளமோ அளக்கும்போது இவர்களுக்கான பங்கு ஒதுக்கப்படும். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். அவர் இல்லாமல் சடங்கு நகராது. அத்தனை இன்றியமையாதவர்கள், ஆனால் திண்ணையில் உட்கார இடம் கிடையாது. செருப்புத் தைத்தவர், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலைக்குத் தோல்சால் தைத்தவர், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர் என்று தோட்டமே யாரை நம்பி நடந்ததோ அவர்தான் ஊருக்கு வெளியே குடியிருந்தார். ஒரு வேலை எவ்வளவு தவிர்க்க முடியாததோ அவ்வளவு இறுக்கமாக அந்த வேலையோடு ஒரு சாதியைக் கட்டிப்போட்டார்கள். இன்றைக்கு மேற்கு மாவட்டங்களின் மாநகராட்சி, நகராட்சிகளில் தூய்மைப் பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் என்பது தற்செயலாக நேர்ந்ததா? 2009-ல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போகிறது. அது பெரிய மாற்றம். துடைப்பத்தைப் பிடித்திருக்கும் கை இன்னும் மாறவில்லை.

முன்பு நிரந்தரப் பணியிடம், ஓய்வூதியம் என்றாவது இருந்தது. இப்போது ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் ஒப்பந்தத்துக்குப் போகிறது. ஒப்பந்தத்தில் கூலி என்பது மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலி. காகிதத்தில் இருப்பது ஒன்று, கைக்கு வருவது இன்னொன்று என்பதே நான் பார்த்த பெரும்பாலான தகராறுகளின் சாரம். பி.எஃப். பிடித்திருப்பார்கள், கணக்கில் ஏறியிருக்காது. ஒப்பந்ததாரர் மாறியதும் பழைய பாக்கிக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்காது. 2022 அக்டோபரில் கோவையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே கூலி, இதே நிரந்தரம் கேட்டுத்தான். உங்கள் வார்டிலும் கோரிக்கையைக் கேட்டுப் பாருங்கள், இதைத் தாண்டிப் புதிதாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அவர்கள் மனு கொடுத்திருப்பார்கள். ஆணையரைப் பார்த்திருப்பார்கள். கறுப்புப் பட்டை கட்டி வேலை செய்திருப்பார்கள். அந்த மாதங்களில் எல்லாம் வண்டி வந்துகொண்டிருந்ததால் தெருவுக்கு எதுவும் தெரிந்திருக்காது. வண்டி நின்ற இரண்டாம் நாள்தான் "ஏனுங்க, குப்பை வண்டி வரலீங்களே" என்ற பேச்சே எழும்பும். குப்பையைச் சொந்தமாக அள்ளித் தீர்த்துக்கொள்ள நம்மிடம் வழியில்லை. அதனால்தான் அந்தக் கோபம். அது அவர்கள் வேலையின் மதிப்பை நாம் உணர்ந்ததன் அடையாளமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது.

குப்பை போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். கோவையின் குப்பை பல ஆண்டுகளாக வெள்ளலூருக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. 2025-ல் திருப்பூரில் முதலிபாளையம் பக்கத்துக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் குப்பை கொட்டுவதை அங்குள்ள மக்கள் எதிர்த்து நின்றார்கள். நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது. அப்போது வேலைக்கு வராதவர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. வீட்டில் பிரிக்காமல் கொட்டுவதை நிறுத்தினால் கொட்டும் இடத்தின் தேவை பாதியாகக் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிரிக்கும் வேலையும் கையுறை இல்லாத அதே கைகளுக்கே போகிறது.

சட்டக் கேள்விக்கு நேரடியான பதில்: மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர் என்றால் 2003 தீர்ப்பும் நடத்தை விதிகளும் அவரை இறுக்கிப் பிடிக்கும். ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர் என்றால் அவர் ஒரு தொழிலாளி. 1947 சட்டத்தில் துப்புரவு பொதுப்பயன்பாட்டுச் சேவை என்பதால் 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக்கூடாது என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இந்த முன்னறிவிப்பு நிபந்தனையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்துவிட்டது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, பேச்சு முறிந்து, அதன் பிறகு நிறுத்தினால் அது சட்டவிரோதம் ஆகாது. அறிவிப்பு இல்லாமல் நிறுத்தினால் ஆகும். ஆனால் கூலி பாக்கி விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது இங்கே மாநகராட்சி, தானே கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தே உள்ள விதி. "அது ஒப்பந்ததாரர் விஷயம்" என்று அலுவலகத்தில் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

உங்களால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் வார்டு ஒப்பந்தத்தில் ஒரு பணியாளருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடப்பட்டிருக்கிறது, அவர் கைக்குப் போவது எவ்வளவு? போன ஆறு மாத பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீது எங்கே? கையுறையும் காலணியும் கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டன? பணியாளர் கேட்டால் அடுத்த நாள் வேலை போகும் என்ற பயத்தில் கேட்க முடியாத கேள்விகள் இவை. வீட்டுவரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கலாம்; பதிலை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், அதன் நகல் ஒன்றை அந்தப் பணியாளர்களின் சங்கத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.